பாங்காக்கில் குடும்பத்தோடு வீடு எடுக்க: மேன்ஷனா, கான்டோவா, மூபானா?

மாதத்துக்கு இரண்டு பேராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள். கம்பெனி பாங்காக்குக்கு மாற்றிவிட்டது, ஆறு வாரத்தில் மனைவியும் பிள்ளையும் வந்துவிடுவார்கள், வீடு எங்கே பார்ப்பது? கூடவே மூன்று விளம்பரப் படங்கள் வரும். ஒன்று மேன்ஷன் என்கிற வாடகை அறை, 9,000 பாட் (பாட் இந்த ஊர்ப் பணம்). இன்னொன்று கான்டோ, அதாவது அடுக்குமாடியில் ஒரு வீடு, 22,000. மூன்றாவது மூபான் என்கிற மதில் சூழ்ந்த குடியிருப்பில், ஊர் எல்லையில் மாடியும் தோட்டமுமாக ஒரு தனி வீடு, 25,000. “தனி வீடே 25,000-க்குக் கிடைக்கும்போது கான்டோவுக்கு ஏன் 22,000 கொடுக்கணும் அண்ணா?” என்று போன வாரம் ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான். பதில்தான் கொஞ்சம் நீளம்.

வந்த புதிதில் நான் மேன்ஷனில் இருந்தேன். கல்யாணமானதும் ஒரு புதுக் கான்டோ. பெண் பிறந்த பிறகு மூபான். இப்போது ஒரு பழைய கான்டோ. நாலு வாசலிலும் செருப்பைக் கழற்றியவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

## எதையெல்லாம் எடை போட வேண்டும்

முதலில் பணம். வாடகை என்பது கணக்கின் முதல் வரி மட்டும்தான். ஊரில் நாம் அட்வான்ஸ் என்று சொல்வதை இங்கே டெபாசிட் என்கிறார்கள். வழக்கமாக இரண்டு மாத வாடகை. இங்கே அட்வான்ஸ் என்றால் முதல் மாத வாடகையை முன்கூட்டியே கட்டுவது. ஆக, சாவி வாங்கும் நாளில் மூன்று மாதப் பணம் தயாராக இருக்க வேண்டும். பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய சென்னைக்காரருக்கு இது சலுகையாகவே தெரியும். ஆனால் ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு. நடுவில் கிளம்பினால் டெபாசிட்டை மறந்துவிட வேண்டியதுதான். புரோக்கர் கமிஷன் வீட்டுக்காரர் பாடு; உங்களிடம் கேட்டால் வேறு புரோக்கரைப் பாருங்கள்.

இரண்டாவது, கரண்ட் மீட்டர் யார் கையில் இருக்கிறது. ஏப்ரல் வெயிலில் ஏசி இரவு பகலாக ஓடும் ஊர் இது. பெருநகர மின்வாரியத்தின் கட்டணம் யூனிட்டுக்கு ஏறத்தாழ 4 பாட். அதையே கட்டட முதலாளி உங்களுக்கு 7, 8 பாட்டுக்கு விற்கவும் கூடும்.

மூன்றாவதை எந்த விளம்பரத்திலும் பார்க்க முடியாது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் தங்க வந்தால், அந்த இடத்தின் சொந்தக்காரர் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது தாய்லாந்துக் குடிவரவுச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு. அந்தப் படிவம் டி.எம்.30. தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை நாமே கொடுக்கும் முகவரி அறிவிப்பு டி.எம்.47 வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். விசா நீட்டிப்புக்காகச் சேங் வத்தனா குடிவரவு அலுவலகத்தில் காலையிலிருந்து காத்திருந்து, கவுன்ட்டரை அடைந்தபின் டி.எம்.30 ரசீது இல்லை என்று திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

நான்காவது அடுப்பு. தாய்லாந்து மக்களுக்குத் தெருவெல்லாம் சாப்பாட்டுக் கடை, வீட்டில் சமைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதற்கேற்பத்தான் வீடுகளையும் கட்டுகிறார்கள். தினமும் கடுகும் மிளகாயும் தாளிக்கிற குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

கடைசியாக, வாசலிலிருந்து ரயில் நிலையம் வரை உள்ள தூரம். விளம்பரத்தில் ‘பிடிஎஸ்-க்கு 800 மீட்டர்’ என்பார்கள் (பிடிஎஸ் என்பது மேம்பால ரயில்). நடைபாதை இல்லாத சோயில் (பெரிய சாலையிலிருந்து பிரியும் சந்து), மே மாத மதியத்தில், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு 800 மீட்டர் நடந்து பாருங்கள்.

## மேன்ஷன்

பெயரில் மேன்ஷன், கோர்ட், பிளேஸ் என்று ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும். இங்குள்ளவர்கள் அப்பார்ட்மென்ட் என்று சொல்வது இதைத்தான்: முழுக் கட்டடமும் ஒரே முதலாளிக்குச் சொந்தம், அறை அறையாக வாடகைக்கு விடுகிறார். திருவல்லிக்கேணி மேன்ஷன் ஞாபகம் வந்தால் தப்பில்லை. ஏசியும் பால்கனியும் தனிக் குளியலறையும் சேர்ந்த மேன்ஷன்.

இதில் சுகம் என்னவென்றால் வீட்டு ஓனர் என்று ஒருவரைத் தேடி அலைய வேண்டாம். கீழேயே ஆபீஸ் இருக்கும், குழாய் ஒழுகினால் அன்றைக்கே ஆள் வருவார். மூன்று மாதம், ஆறு மாதம் என்று சின்ன ஒப்பந்தத்துக்கும் பல இடங்களில் சம்மதிப்பார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வந்து போகும் கட்டடமாக இருந்தால் டி.எம்.30-ஐ ஆபீஸ் அம்மாவே பதிந்து ரசீதைக் கொடுத்துவிடுவார்.

அந்தச் சுகத்துக்கான விலை மீட்டரில் இருக்கிறது. யூனிட் 8 பாட் என்று எழுதியிருந்தால், மாதம் 400 யூனிட்டுக்கு 3,200 பாட். அதே 400 யூனிட் கான்டோவில் 1,700 பக்கம் முடிந்துவிடும். தண்ணீரும் அப்படித்தான்: குடிநீர் வாரியத்தின் வீட்டுக் கட்டணம் யூனிட்டுக்கு 8.50 பாட்டில் தொடங்குகிறது, மேன்ஷனில் 18, 20 என்று போடுவார்கள். சமையலறை என்று தனியாக ஒன்றும் கிடையாது. பால்கனியில் ஒரு ஸ்டூல், அதன்மேல் மின்சார அடுப்பு, இதுதான் நான் இரண்டு வருடம் சாம்பார் வைத்த லட்சணம். துணி துவைக்கக் கீழே காசு போடும் மெஷின்.

தனியாள், அல்லது குடும்பம் வரும்வரை மூன்று மாதம் தள்ள வேண்டியவர் என்றால் யோசிக்காமல் எடுக்கலாம். பிள்ளையோடு வேண்டாம்.

## புதுக் கான்டோ

2010-க்குப் பிறகு ரயில் பாதையை ஒட்டி எழும்பிய கோபுரங்கள். ஆன் நுட், உடோம் சுக், லாட் ப்ராவ், ரத்சடா என்று எங்கே இறங்கினாலும் தலைக்கு மேலே நிற்கும். மொட்டை மாடியில் நீச்சல் குளம், ஜிம், முக அடையாளம் பார்த்துத் திறக்கும் கதவு. வீட்டுக்குள் போனால் 30, மிஞ்சினால் 45 சதுர மீட்டர்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தனி ஓனர். கட்டடத்தை நிர்வகிக்கும் அலுவலகத்துக்கு நிதிபுக்கொன் என்று பெயர் (நீதி என்ற சொல்தான் அதில் ஒளிந்திருக்கிறது). மாதாந்திரப் பராமரிப்புத் தொகையை ஓனர் கட்டிவிடுவார். கரண்ட் பில் வாரியத்திலிருந்தே வரும், செவன் இலெவன் கடையிலோ போனிலோ கட்டிவிடலாம். வேலைக்குப் போய் வர இதைவிட வசதி கிடையாது.

அடுப்படிதான் வில்லங்கம். கூடத்தின் ஒரு சுவரில் இரண்டு வட்டங்கள் உள்ள மின்சார அடுப்பும், வெளியே போகாமல் கரித்தூள் வடிகட்டி வழியாகக் காற்றைச் சுற்றி விடும் ஒரு புகைபோக்கியும் இருக்கும். கேஸ் சிலிண்டரைப் பெரும்பாலான கோபுரங்களில் அனுமதிப்பதில்லை. மீன் குழம்பு வைத்தால் தலையணை உறை வரைக்கும் மணக்கும். எதிர்வீட்டுக்காரர் நிதிபுக்கொன்னில் புகார் கொடுத்து, அங்கிருந்து மிகவும் பணிவாக லைன் செயலியில் ஒரு செய்தி வரும். எங்களுக்கு இரண்டு முறை வந்தது.

ஓனர் தனிநபர் என்பதால் எல்லாம் அவர் குணத்தைப் பொறுத்தது. சிலர் வாடகை வருமானம் வரித்துறைக்குத் தெரிந்துவிடுமே என்று டி.எம்.30 பதியத் தயங்குவார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே, ஓனரின் அடையாள அட்டை நகலும் வீட்டுப் பதிவுப் புத்தகத்தின் நகலும் தருவாரா என்று கேட்டுவிடுங்கள். அவை கையில் இருந்தால், ஒப்பந்தத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு நாமே போய்ப் பதிந்துவர முடிகிறது. “அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்” என்பவரின் வீட்டை எடுக்காதீர்கள்.

டெபாசிட் பற்றி ஒரு சொந்தக் கதை. கான்டோவைக் காலி செய்தபோது சோபாவின் தோல் உரிந்திருக்கிறது என்று 18,000 பாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். அது தோலே இல்லை, ரெக்சின். இந்த ஊர் ஈரத்துக்கு நாலு வருடத்தில் யார் உட்கார்ந்தாலும் உட்காராவிட்டாலும் தானே உரியும். நான் குடிபோன நாளிலேயே ஓரம் உரியத் தொடங்கியிருந்தது, ஆனால் படம் எடுத்து வைக்கவில்லை. இப்போதெல்லாம் சாவி வாங்கிய அன்று மெத்தையின் அடிப்பக்கம் வரை படமெடுத்து, ஓனருக்கே லைனில் அனுப்பிவிடுகிறேன்.

இன்னொன்று. 2025 மார்ச் 28 மதியம் மியன்மாரில் 7.7 அளவில் நிலம் நடுங்கியபோது, ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருந்தும் பாங்காக் ஆடியது. களிமண் நிலம் அதிர்வைப் பெருக்கிவிட்டது. மாடிக் குளங்களின் தண்ணீர் அருவி மாதிரி தெருவில் கொட்டியது, சாத்துச்சாக்கில் கட்டிக்கொண்டிருந்த தணிக்கை அலுவலகக் கட்டடம் இடிந்தே விழுந்தது. குடியிருப்புக் கோபுரங்கள் நின்றன, ஆனால் நிறையச் சுவர்களில் வெடிப்பு. அதற்கப்புறம் முப்பதாவது மாடிக் காட்சிக்காகக் கூடுதல் வாடகை கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. பிள்ளையோடு படி இறங்க முடிகிற மாடி போதும்.

இருவரும் வேலைக்குப் போகிறீர்கள், சமையல் வார இறுதியில்தான் என்றால் இதுவே சரி.

## பழைய கான்டோ

என் ஓட்டு இதற்குத்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படிக்கும்போது அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

1997 பொருளாதார நெருக்கடிக்கு முன்னால், நிலம் மலிவாக இருந்த காலத்தில் கட்டியவை. சுகும்வித்தின் உள் சோய்களிலும் சாத்தோர்ன், சீலோம் பக்கமும் இன்னும் இருக்கின்றன. வெளியே பார்த்தால் பாசி பிடித்த சுவர், லிஃப்டில் பழைய கண்ணாடி. உள்ளே 100, 120 சதுர மீட்டர். கதவு வைத்த தனிச் சமையலறை, அதில் வெளியே திறக்கும் ஜன்னல், ஒட்டினாற்போலத் துணி காயப்போட ஒரு பால்கனி. கதவைச் சாத்திவிட்டு மனம்போலத் தாளிக்கலாம். சதுர மீட்டருக்கு வாடகையைக் கணக்குப் போட்டால் புதுக் கான்டோவில் பாதிதான் வரும்.

சீலோம் பக்கம் கிடைத்தால் இன்னும் விசேஷம். தாய் மக்கள் வாட் கேக் என்று சொல்லும் மாரியம்மன் கோயில் நடக்கிற தூரத்தில். நவராத்திரி முடிவில் அம்மன் ஊர்வலம் போகும்போது சீலோம் சாலையையே மூடிவிடுவார்கள். நவரத்தின வியாபாரத்துக்கு வந்த தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கும் வட்டாரமும் இதுதான். கறிவேப்பிலைக்கும் பருப்புக்கும் எம்ஆர்டி மெட்ரோவில் சாம் யோட் வரை போய் இறங்கினால் பாஹுரத்தின் இந்தியக் கடைகள்.

குறைகளும் உண்டு. பழைய ஏசி கரண்டைக் குடிக்கும். ஒப்பந்தத்துக்கு முன்பே புது இன்வெர்ட்டர் ஏசி கேட்டுப் பாருங்கள், கேட்டால் பல ஓனர்கள் மாற்றித் தருகிறார்கள். குழாய்கள் துருப்பிடித்திருக்கும், காலையில் முதல் வாளித் தண்ணீர் பழுப்பாக வந்தால் அந்த வீடு வேண்டாம். பெரும்பாலும் சோயின் உள்ளே தள்ளி இருப்பதால் ஆரஞ்சுச் சட்டை போட்ட வின், அதாவது மோட்டார் சைக்கிள் டாக்ஸிக்காரருக்குத் தினமும் இருபது, நாற்பது பாட் போகும். அப்புறம் நிலநடுக்கம்: பாங்காக்கைச் சேர்த்து நடுக்கத் தாங்குதிறன் விதி வந்தது 2007-இல்தான். பழைய கட்டடங்கள் அந்த விதிக்கு முந்தியவை. நான் எட்டு மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடி எடுத்திருக்கிறேன், என் பயத்துக்கு அது போதுமானதாக இருக்கிறது.

## மூபான்

மூபான் என்றால் கிராமம். நடைமுறையில், மதில் கட்டி, வாசலில் காவலாளி நிற்கும் தனி வீட்டுக் குடியிருப்பு. பாங்னா, ஸ்ரீநகரின், நொந்தபுரி, மின் புரி பக்கம் வரிசை வரிசையாக இருக்கின்றன. நுழைகிற விருந்தாளியின் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்வார்கள். உள்ளே பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவார்கள், சாயங்காலம் ஐஸ்கிரீம் வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும்.

சமையலுக்கு இதுதான் சொர்க்கம். பல வீடுகளின் பின்புறத்தில் ‘குருவ தாய்’, அதாவது தாய்ச் சமையலறை என்று ஒன்று இருக்கும். அவர்களுக்கும் மிளகாய் வறுத்தால் நெடி ஏறும் அல்லவா, அதனால் வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டார்கள். 15 கிலோ சிலிண்டர் போன் போட்டால் வரும். பள்ளிக்கூடமும் ஒரு காரணம்: பாங்னா பக்கம் பாங்காக் பட்டானா, பாக் கிரெட்டில் நிச்சடா தானிக் குடியிருப்புக்கு நடுவிலேயே இன்டர்நேஷனல் ஸ்கூல் பாங்காக் என்று பெரிய பள்ளிகள் இந்த எல்லைப் பகுதிகளில்தான் இருக்கின்றன. பள்ளியை முடிவு செய்துவிட்டுத்தான் மூபானைத் தேட வேண்டும். மாற்றிச் செய்தால் பிள்ளை வேனில் தினம் மூன்று மணி நேரம் உட்காரும்.

மறைந்திருக்கும் செலவு, தூரம். ரயில் நிலையத்துக்கு டாக்ஸி அல்லது கார். கார் வாங்கினால் தவணை, இன்சூரன்ஸ், எக்ஸ்பிரஸ்வே சுங்கம் எல்லாம் தானே வரும். மேல் மாடி நேரடியாகக் கூரைக்குக் கீழே என்பதால் ஏசி கூடுதலாக ஓடும். கொசுவுக்கு வலை, தோட்டத்துக்கு ஆள். மழைக்காலத்தில் பாம்பு வந்தால் 199 என்ற தீயணைப்பு எண்ணுக்குச் சொன்னால் வந்து பிடித்துப் போவார்கள். எங்கள் வீட்டுக்கு ஒரே வருடத்தில் இரண்டு முறை வந்தார்கள், இரண்டாம் முறை என் மகள் அவர்களுக்குப் பிஸ்கட் கொடுத்தாள். வாசலில் காவல் தெய்வத்துக்குச் சின்னதாக ஒரு மாடம் இருக்கும். ஓனர் அம்மா சிவப்பு ஃபான்டா வைக்கச் சொல்லிவிட்டுப் போனார், நாங்களும் தவறாமல் வைத்தோம்.

வெள்ளத்தை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2011 பெருவெள்ளத்தில் ரங்சித், டோன் முவாங், சாய் மாய், பாங் புவா தோங் பகுதிகளில் தண்ணீர் வாரக்கணக்கில் நின்றது. வீடு பார்க்கப் போகும்போது அடுத்த வீட்டுச் சுவரில் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

மனைவிக்கு இங்கே வேலை இல்லை, தாய்லாந்து மொழியும் தெரியாது என்றால் மூபானில் பகல் பொழுது மிக நீளம். இதை ஆண்கள் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நாங்கள் அங்கிருந்து கிளம்பியதற்கு முதல் காரணம் வாடகையோ வெள்ளமோ இல்லை. “பேச ஆள் வேணும்” என்று என் மனைவி ஒருநாள் சொன்னதுதான்.

## அந்தத் தம்பிக்குப் போட்டுக் கொடுத்த கணக்கு

மாதத்துக்கு, பாட் கணக்கில். மேன்ஷனில் யூனிட் 8 பாட், மற்ற இடங்களில் 4.20 என்று வைத்தது. ‘ஸ்டேஷன் வரை’ என்பது ஒருவர் 22 நாள் வேலைக்குப் போய் வருவதற்கு, ரயில் கட்டணம் சேர்க்காமல். எல்லாம் உத்தேசம்தான்.

| | மேன்ஷன் | புதுக் கான்டோ | பழைய கான்டோ | மூபான் |
|---|---|---|---|---|
| பரப்பு (சதுர மீட்டர்) | 28 | 45 | 120 | 150 |
| வாடகை | 9,000 | 22,000 | 28,000 | 25,000 |
| கரண்ட் | 3,200 | 1,680 | 2,940 | 3,360 |
| தண்ணீர் | 300 | 300 | 300 | 300 |
| இணையம் | 400 | 600 | 600 | 600 |
| ஸ்டேஷன் வரை | 880 (வின்) | நடை | 880 (வின்) | 3,520 (டாக்ஸி) |
| மொத்தம் | 13,780 | 24,580 | 32,720 | 32,780 |
| டி.எம்.30 | ஆபீஸ் பதியும் | ஓனரைப் பொறுத்தது | ஓனரைப் பொறுத்தது | ஓனரைப் பொறுத்தது |
| தாளிப்பு | பால்கனியில் | சிரமம் | கதவைச் சாத்திவிட்டு | தாராளமாக |

25,000 பாட் தனி வீடும் 28,000 பாட் பழைய கான்டோவும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்பதைப் பாருங்கள். கார் சேர்ந்தால் மூபான் இன்னும் மேலே போகும். அதே சமயம், அலுவலகமே பாங்னாவில், பள்ளியும் பக்கத்திலேயே என்றால் அந்த 3,520 இல்லாமல் போய் மூபான் ஜெயித்துவிடும். தம்பியின் அலுவலகம் ஊர் நடுவில், அசோக் பகுதியில். அவருக்கு அது பொருந்தாது.

## பேசாமல் வாங்கிவிட்டால்?

வெளிநாட்டுக்காரர் சாதாரணமாக நிலம் வாங்க முடியாது, ஆகவே மூபான் வீடு கிடையாது. கான்டோ வாங்கலாம், கட்டடத்தின் மொத்த வீட்டுப் பரப்பில் 49 சதவீதம் வரைக்கும்தான் வெளிநாட்டுக்காரர் பெயரில் இருக்கலாம். பணம் வெளிநாட்டு நாணயமாகவே உள்ளே வந்ததற்கு வங்கிச் சான்று வேண்டும், இங்கே சம்பாதித்துச் சேர்த்த பாட்டைக் கொண்டு போய் நின்றால் வேலைக்காகாது. நிலத்தை 30 வருடக் குத்தகைக்கு எடுக்கலாம். தாய்க்காரர் பெயரில் கம்பெனி ஆரம்பித்து நிலம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால், அது சட்டவிரோதம் என்பதை நினைவில் வையுங்கள். ஐந்து வருடத்துக்குள் விற்றால் 3.3 சதவீத வணிக வரி வேறு. வேலை விசாவில் வருடா வருடம் நீட்டிக்கொண்டிருப்பவருக்கு இந்தப் பேச்சே இப்போது தேவையில்லை.

தம்பியிடம் கடைசியாகச் சொன்னது இவ்வளவுதான்: ஊரிலிருந்தபடி படம் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். முதல் மூன்று வாரம் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு சர்வீஸ் அப்பார்ட்மென்ட் எடுத்துக்கொள்ளுங்கள், டி.எம்.30-ஐ அவர்களே பதிந்துவிடுவார்கள். பிடித்த இரண்டு வீடுகளைக் குறித்து வைத்துக்கொண்டு, சாயங்காலம் ஆறரை மணிக்கு, மழை பெய்கிற ஒரு நாளில், அலுவலகத்திலிருந்து அங்கே போய்ப் பாருங்கள். அவர் போனார். முதல் வீட்டின் சோயில் முழங்கால் வரைக்கும் தண்ணீராம். இரண்டாவதில் இப்போது ஓனருக்கும் அவருக்கும் ஏசி பேரம் நடந்துகொண்டிருக்கிறது.